செம்பருத்திக்கு ஐந்து நிறம்

மார்கழி 6

கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டுத் தோட்டத்தில் இரண்டு செம்பருத்திச் செடிகள். கிணற்றடியில் இருப்பது அப்பத்தா தன் பிறந்த வீட்டிலிருந்து குச்சியாகக் கொண்டுவந்து நட்டது. மதில் ஓரம் நிற்பது நான் நர்சரியில் வாங்கியது. இவற்றைப் படம் எடுத்து, கணினியில் எண்ணெய் ஓவியம்போல் ஆக்கிப் பெரிதாக அச்சிட்டு, வெறுமையாகக் கிடக்கும் பட்டசாலைக் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது பல நாள் ஆசை.

பத்து மணி வெயிலில் நாற்பது படங்கள் எடுத்தேன். கணினியில் திறந்தால் இதழ் முழுவதும் ஒரே சிவப்புத் தகடு. நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை. எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைச் சிவப்புக்கு மட்டும் பார்த்தேன். வலது ஓரத்தில், உச்ச அளவான 255இல் போய் முட்டிக்கொண்டு நின்றது. பச்சையும் நீலமும் தாழ்ந்து கிடப்பதால், மொத்த வெளிச்சத்தை அளக்கும் கேமராவுக்குச் சிவப்பு மட்டும் நிரம்பி வழிவது தெரிவதில்லை. வழிந்த இடத்தில் விவரம் மிஞ்சாது. படத்தில் இல்லாத நரம்பை எந்த ஃபில்டராலும் கொண்டுவர முடியாது. நாற்பதையும் அழித்துவிட்டேன்.

மார்கழி 7

விடிந்தும் விடியாத வேளையில் போனேன். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வைத்து எடுத்தேன். திரையில் படம் இருட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் இதழின் ஒவ்வொரு நரம்பும் பனித்துளியோடு இருக்கிறது!

வாசலில் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு வந்த அப்பத்தா, “பூசைக்கு நாலு பூ விட்டுவை ஆத்தா” என்றார். படம் எடுப்பது பூவைப் பறிப்பதாகாது என்று சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மார்கழி 9

படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் எண்ணெய் ஓவிய ஃபில்டரைப் போட்டேன். அதன் வேலை எளியது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சிறு வட்டம் எடுத்து, அதில் எந்த வெளிச்ச அளவு மிகுதி என்று எண்ணி, அந்த நிறத்தையே புள்ளிக்குக் கொடுத்துவிடும். பிறகு குவஹாரா ஃபில்டர். ஜப்பானிய ஆய்வாளர் குவஹாராவும் அவருடைய குழுவினரும் 1976இல் இதய ஸ்கேன் படங்களின் இரைச்சலைக் குறைக்க உருவாக்கியது. புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்களைப் பார்த்து, நிறம் அதிகம் மாறாத கட்டத்தின் சராசரியை எடுத்துக்கொள்ளும். அதனால் பரப்பு வழவழப்பாகும், விளிம்பு கலையாது. மருத்துவருக்காகப் பிறந்த கணக்கு பூவுக்கு இவ்வளவு பொருந்துவது எனக்குப் பெரிய வியப்பு.

பெருமையோடு அப்பத்தாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இலையும் பூவும் சுவரும் ஒரே மாவில் பிசைந்ததுபோல் இருக்கிறது ஆத்தா.”

இரவு முழுக்க அந்தச் சொல்லே காதில் கிடந்தது. ஃபில்டருக்குப் பூ எது, காரை எது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அன்பு காட்டுகிறது.

மார்கழி 12

வளவு முற்றத்தில் மாட்டியிருக்கும் ரவிவர்மா லட்சுமியை இன்று நாற்காலி போட்டு ஏறி, முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தேன். தொலைவிலிருந்து எண்ணெய் வண்ணம். அருகில் போனால் பொடிப் பொடிப் புள்ளிகள். 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசிய படங்கள் இவை. இயந்திரத்தில் பிறந்த ஓவியம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் இதைக் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் எந்த நிறத்துக்கு எந்தக் கல் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். என் படத்தில் அந்த ஆள் இல்லை.

மார்கழி 16

ஆத்தங்குடி. தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் அரை நாள் நின்றேன். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவேண்டும். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

ஒரு பெரியவரிடம், “ஒரு கல்லுக்கு எத்தனை நிறம் ஐயா?” என்று கேட்டேன். “நாலு, மிஞ்சினால் அஞ்சு. அதற்கு மேல் போனால் பூ தெரியாது, நிறம்தான் தெரியும்.”

மார்கழி 17

ஐந்து: இரண்டு சிவப்பு, ஒரு கரும்பச்சை, மகரந்தத்துக்கு மஞ்சள், கருமை. படத்திலிருந்தே பொறுக்கி எடுத்தேன்.

மார்கழி 21

ஐந்து நாட்களாக, கணினியில் வரையும் மென்பொருளான கிருதாவில் கையால் தீற்றுகிறேன். புகைப்படம் அடியில் ஓர் அடுக்காகக் கிடக்கிறது. குவஹாரா செய்த படத்தைப் பின்புலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், சுவரும் இலையும் அங்கே கரையட்டும். பூ முழுவதும் என் கை. தீற்று காம்பிலிருந்து இதழின் ஓரத்தை நோக்கி ஓடவேண்டும், நரம்பு ஓடும் வழியில். குறுக்கே ஒன்று போட்டால் போதும், இதழ் அட்டையாகிவிடுகிறது. பூ நடுவில் நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டுக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. மணிக்கட்டு வலிக்கிறது, நிறுத்த மனமில்லை.

மார்கழி 25

காரைக்குடியில் அச்சிட்டேன். 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 வீதம் 20 அங்குல அகலம் தாங்கும். திரையில் கனலாக இருந்த சிவப்பு காகிதத்தில் செங்கல் நிறமாக வந்தது. திரை தன் ஒளியால் காட்டும் சிவப்பு முழுவதையும் மையால் எட்ட முடியாது. சிவப்பைக் கூட்டிப் பயனில்லை என்பதால், சுற்றியுள்ள பச்சையை இன்னும் இருட்டாக்கி மறுபடி அச்சிட்டேன். இப்போது பூ எழுந்து நிற்கிறது.

பட்டசாலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். காபித் தம்ளரோடு வந்த அப்பத்தா நின்றுவிட்டார்.

“இது கிணற்றடிச் செடிப் பூ” என்றார்.

“எப்படித் தெரிகிறது அப்பத்தா?”

“ஓரம் உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறதே. மதில் ஓரத்துச் செடிக்கு அப்படிச் சுருளாது.”

இத்தனை நாள் பார்த்தும் அதை நான் கவனித்ததே இல்லை. நரம்பைப் பின்பற்றிப் போன கைதான் சுருட்டியிருக்கிறது. நாளை விடியலில் மதில் ஓரத்துச் செடி.