ரூமைப் புரொலாங் பண்ண முடியுமா?

மே மாசம் ஊட்டி லாட்ஜ் கவுன்ட்டர்களில் செக்-அவுட் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இது நடக்கும். "தம்பி, ரூமை இன்னும் ஒரு நாளைக்குப் புரொலாங் பண்ணிக்கணுமே!" தம்பி முகத்தில் சிரிப்பே வராது. "எக்ஸ்டெண்ட்டா சார்? அடுத்த பார்ட்டி ஏறி வந்துட்டு இருக்காங்களே."

ரூமைப் புரொலாங் பண்ண முடியாது. கொத்தனாரை வைத்துச் சுவரை இடித்துக் கட்டினாலும் அது எக்ஸ்டென்ஷன்தான். புரொலாங் பெரும்பாலும் காலத்தோடுதான் ஒட்டும்: ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, முடிய வேண்டிய நேரத்தைத் தாண்டி ஓடவிடுவது. தங்கலைப் பண்ணலாம், ஆயுளைப் பண்ணலாம், பல்வலியையும் பண்ணலாம். ஸ்வெட்டர் கையைப் பண்ணக் கூடாது; அதற்கு லென்தன். ஒயருக்கு எக்ஸ்டெண்ட், அதனால்தான் அது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

எக்ஸ்டெண்ட் இடத்துக்கும் போகும், காலத்துக்கும் போகும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயில், 1908-ல் ஊட்டி வரை வந்தது. பாதையை எக்ஸ்டெண்ட் செய்தார்கள். கல்லாறு தாண்டிப் பாறை சரிந்து, வண்டி நடுவழியில் நின்றால் பயணம் புரொலாங் ஆக்கப்படுகிறது. கெடு, தேதி என்று வந்தாலும் எக்ஸ்டெண்ட்தான். ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7-ல் தொடங்கிய இ-பாஸை முதலில் ஜூன் 30 வரை என்றார்கள், பிறகு செப்டம்பர் 30 வரை நீட்டித்தார்கள். கீழே இருந்து வருகிறவர்களுக்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

நாம் சறுக்குவதற்குக் காரணம் 'நீட்டு'. கை, கம்பி, லீவு, பேச்சு எல்லாவற்றுக்கும் நமக்கு அது ஒன்றே போதும். ஆனால் அடுத்த சறுக்கலிலிருந்து காப்பாற்றுவதும் அதே தமிழ்தான். 'மீட்டிங் புரொலாங்டு' என்று அதோடு வாக்கியத்தை முடித்துவிடுகிறார்கள். நீள்வது தன்வினை, நீட்டுவது பிறவினை. புரொலாங் பிறவினை மட்டுமே. யாரோ எதையோ நீட்ட வேண்டும். சேர்மன் மீட்டிங்கைப் புரொலாங் செய்தார், அல்லது மீட்டிங் 'வாஸ் புரொலாங்டு'. தானாக நீண்டது என்றால் 'டிராக்டு ஆன்'. பங்காளிகள் தேயிலைத் தோட்டத்துக்காக நடத்தும் கேஸுக்கு 'புரொட்ராக்டட்', அதாவது நம் இழுத்தடிப்பு. இன்னும் தொடங்கவே இல்லாததை நீட்டவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அது போஸ்ட்போன், வேறு கடை.

உச்சரிப்பில் அழுத்தம் 'லாங்' மேல். முன்னால் இருப்பதை 'ப்ர' என்று லேசாக விழுங்க வேண்டும். இதைக் கறாராகக் கடைப்பிடித்த ஒரு டாக்டர், எஸ்டேட் மேஸ்திரி ஒருவரிடம், "இருமலைப் ப்ரலாங் பண்ணிக்காதீங்க" என்றாராம். 220 கெஜக் கணக்கில் மலைச்சரிவை அளந்தே பழகிய மனுஷன் பணிவாகக் கேட்டிருக்கிறார்: "எத்தனை பர்லாங்குங்க?"