பளாங்காவில் பார்த்த ஒற்றைக் கால்

லிதுவேனியாவின் பளாங்காவுக்குப் போன அன்று, கடற்கரையில் இரண்டு மணி நேரம் குனிந்தபடியே நடந்தேன். புயல் ஓய்ந்தபின் பால்டிக் கடல் ஆம்பரை, அதாவது பழங்கால மரப்பிசின் இறுகிக் கல்போல் ஆனதை, கரையில் ஒதுக்கும். மிகவும் லேசான பொருள் என்பதால் பாசியோடும் சுள்ளியோடும் சேர்ந்தே வரும். என் கைக்கு ஒரு துணுக்கும் அகப்படவில்லை.

பிற்பகலில் பூங்காவுக்குள் இருக்கும் ஆம்பர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். டிஷ்கியேவிச் பிரபுக் குடும்பத்தின் 19ஆம் நூற்றாண்டு மாளிகை அது, 1963இல் அருங்காட்சியகமானது. 'சூரியக் கல்' என்ற மூன்றரை கிலோ ஆம்பர் கட்டியின் முன்னால் நல்ல கூட்டம். எனக்கோ உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் இருந்த நகமளவுத் துண்டுகளை விட்டு நகர மனம் வரவில்லை.

ஒன்றில் கொசு போன்ற சிறு ஈ. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வழிந்த பிசினில் கால் வைத்துவிட்டது. இறகின் நரம்புகளை இன்றும் எண்ணிவிடலாம். உடலின் ஒரு பக்கம் மட்டும் பால் போன்ற வெண்படலம்: அழுகத் தொடங்கிய உடலிலிருந்து கசிந்தவை நுண்குமிழிகளாகத் தங்கிவிட்டன. இதன் டி.என்.ஏ.வை எடுத்து உயிரூட்டலாமே என்று பலர் கேட்பதுண்டு. முடியாது, அது அவ்வளவு காலம் தாங்காது. ஆனால் வெறும் எலும்பும் ஓடும் சொல்லாததை ஆம்பர் சொல்கிறது. இணைசேரும்போதே சிக்கிய ஈக்கள் கிடைத்திருக்கின்றன. சிலந்தி நூல்கூட அறுபடாமல் இருக்கிறது!

பால்டிக் ஆம்பரில் அடிக்கடி தென்படுபவை நட்சத்திர வடிவ நுண்மயிர்கள். ஓக் மரங்களிலிருந்து உதிர்ந்தவை. தூசி என்று நான் கடந்து போயிருப்பேன். ஆய்வாளர்களுக்கோ அவை ஒரு காட்டின் முகவரி. கறையான்களும் உண்டு, பனை இனத்தின் தடயங்களும் உண்டு. நான் ஸ்வெட்டரை இறுக்கிக்கொண்டு நின்ற இந்த வட்டாரத்தில் அன்று வெதுவெதுப்பான காடு இருந்திருக்கிறது.

அந்தக் காட்டின் எல்லா உயிர்களும் இதில் இல்லை. பிசின் பெரும்பாலும் சிறியவற்றைத்தான் பிடித்து வைத்தது. வலுவானவை உதறிக்கொண்டு போய்விட்டன. அப்படிப் போனவையும் சில சமயம் தடயம் விட்டிருக்கின்றன. கடைசியாக நான் பார்த்த துண்டில் பூச்சியே இல்லை. மயிரிழை போல நீண்ட, மூட்டுகள் மடங்கிய ஒற்றைக் கால் மட்டும் இருந்தது. சிலந்திக்கு உறவான நெடுங்கால் உயிரி ஒன்றினுடையது. அவை ஆபத்தில் காலைக் கழற்றிவிட்டு ஓடக்கூடியவை. கால் இங்கே இருக்கிறது. அதற்குரிய உயிர் மிச்சக் கால்களோடு அந்தக் காட்டுக்குள் போய்விட்டது.