கூட வந்தவர்

"நீங்க எங்க அண்ணனா இருந்தா என்ன சொல்லுவீங்க சார்?" என்று அந்தம்மா கேட்டார். "இன்னொரு தடவை யோசிச்சுட்டு வாங்கம்மா" என்றேன்.

தப்பான பதில் இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் என் மேசையில் உட்காருகிறவன் கடன் திட்டங்களை விளக்கலாம், விண்ணப்பம் போட்டுத் தரலாம். கடன் வாங்கு, வாங்காதே என்றெல்லாம் சொல்லக் கூடாது. நாளைக்கு நஷ்டமானால் "அந்த சார்தான் சொன்னார்" என்று வந்து நிற்பார்கள்.

அதற்கு முன் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். மஞ்சள் கறை படிந்த துணிக்கடைப் பையிலிருந்து அரவை மெஷின் கொட்டேஷனை எடுத்து வைத்தார். மசாலாப் பொடி யூனிட், 6 லட்சம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும் என்றேன். அந்த 2,10,000 கைக்கு வராது, வங்கியிலேயே 3 வருடம் டெபாசிட்டாகக் கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. உத்யம் பதிவுக்கு, அதாவது சிறுதொழில் என்று அரசிடம் பதிவதற்கு, பைசா கிடையாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

கொட்டேஷனில் மெஷின் மட்டும்தான் இருந்தது. மிளகாய், மல்லி வாங்கக் காசு? பொடியை எடுக்கிற கடைக்காரர் பணம் தர ஒரு மாதம் இழுத்தால்? "நடைமுறை மூலதனத்தையும் சேர்த்துக்கோங்க" என்றேன். அது என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. என் தங்கையாக இருந்தால், ஊர் மில்லில் கூலிக்கு அரைத்து நாலு கடைக்குப் போட்டுப் பாரு, மெஷினை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து வங்கி வாசலில் பார்த்தேன். பக்கத்தில் எங்கள் ஆபீஸ் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர். உத்யம் பதிவுக்கு மட்டும் 2,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

"காசே இல்லைன்னு சொன்னேனேம்மா."

"நீங்க சொன்னதைத்தான் சார் அவரும் சொன்னாரு. ஆனா அவரு கூட வந்தாரு."

சுருக்கென்றது. கோபமும் வந்தது. கூடப் போவதா என் வேலை? மேசைக்கு முன்னால் இன்னும் இருபது பேர் நிற்கும்போது? ஆனால் மேனேஜர் அறை வாசலில் நிற்கிற பயம் எனக்குத் தெரியாததில்லை. பயிர்க்கடனுக்கு அப்பா நின்றபோது, துணைக்கு என்று என்னைத்தான் கூட்டிப் போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சரி, மனதில் பட்டதைச் சொல்லியே இருந்தாலும் அது நல்ல யோசனையாக இருந்திருக்குமா? நான் ஒரு நாள்கூடக் கடை வைத்ததில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவன்.

போன வாரம் சோடா கம்பெனி போட வேண்டும் என்று வந்த பையனிடம், கேட்காமலேயே, "இப்ப வேண்டாம்ப்பா" என்று காரணத்தோடு சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், டீக்கடை பெஞ்சில் புரோக்கர் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்.