வெண்புள்ளியும் நான்-கோடிங் ஆர்.என்.ஏ.வும்: புராஜெக்ட், வைவாவுக்குப் படிப்பவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் வெண்புள்ளி நோயில் (விட்டிலிகோ) நான்-கோடிங் ஆர்.என்.ஏ., அதாவது புரதமாக மாறாத ஆர்.என்.ஏ., என்ன செய்கிறது என்ற தலைப்பை எடுத்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். நான் புராஜெக்ட் செய்ததும் இதில்தான், அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குப் படித்தபோதும் இது நன்றாகக் கை கொடுத்தது, அதனால் எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், மிர் (ஜீன்களை அடக்குகிற குட்டி ஆர்.என்.ஏ.வான மைக்ரோ ஆர்.என்.ஏ.) பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ரிவ்யூ கட்டுரைகளில் எது கூடியது, எது குறைந்தது என்று நீள நீளமாக அட்டவணை இருக்கும், அதைப் படித்தால் மறுநாளே மறந்துபோகும். அதற்குப் பதிலாக ஒரு ஏ4 தாளின் நடுவில் ஒரு மெலனோசைட் செல், அதாவது தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்கிற செல், வரையுங்கள். அதற்குள் எம்.ஐ.டி.எஃப். புரதம், அது இயக்குகிற டைரோசினேஸ் முதலான மெலனின் ஜீன்கள். மேலே எம்.சி.1.ஆர். ஏற்பியிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாக எம்.ஐ.டி.எஃப். வரை வரும் பாதை. ஒரு பக்கம் கெராட்டினோசைட் (தோலின் மேலடுக்குச் செல்), மறுபக்கம் சிடி8 டி செல் (நோய் எதிர்ப்புச் செல்). டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தை விடும், அதைக் கண்ட கெராட்டினோசைட் சி.எக்ஸ்.சி.எல்.9, 10 என்ற அழைப்புப் புரதங்களைச் சுரந்து இன்னும் டி செல்களை அழைக்கும், கடைசியில் மெலனோசைட் அழியும். வெண்புள்ளியின் கதை பெரும்பாலும் இவ்வளவுதான். இந்தப் படம் கையில் வந்த பிறகு ஒவ்வொரு ஆர்.என்.ஏ.வையும் அதில் எங்கே வைப்பது என்று மட்டும் பாருங்கள்.

மிர்-25 எம்.ஐ.டி.எஃப்.பையே நேரடியாக அடக்குகிறது, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் அது கூடுகிறது என்று 2016-இல் வந்த ஆய்வு காட்டியது, ஆகவே அது படத்தின் நடுவில் வரும். மிர்-155 அழற்சிப் பக்கம்: சைட்டோகைன்கள் (இன்டர்ஃபெரான் போன்ற சமிக்ஞைப் புரதங்கள்) அதைக் கூட்டுகின்றன, அது கூடினால் நிறமி ஜீன்கள் குறைகின்றன. மிர்-211 இருப்பதே டி.ஆர்.பி.எம்.1 ஜீனின் இன்ட்ரானுக்குள் (புரதமாக மாறாத துண்டுக்குள்), அதையும் எம்.ஐ.டி.எஃப்.தான் இயக்குகிறது. நீள நான்-கோடிங் ஆர்.என்.ஏ.க்களுக்கு இவ்வளவு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை, ஒன்றிரண்டு உதாரணம் போதும்.

வைவாவில் உங்களை உண்மையில் சோதிக்கிற இடம் மிர்-211தான். வெண்புள்ளி விழுந்த தோலில் அது குறைவாக இருக்கிறது என்று சொல்வீர்கள். உடனே கேள்வி வரும்: அங்கே மெலனோசைட்டே இல்லை, அப்படியானால் மெலனோசைட்டில் அதிகமாக இருக்கிற ஆர்.என்.ஏ. குறையத்தானே செய்யும், இது காரணமா விளைவா? அருமையான கேள்வி, இதற்குத் தயாராகப் போங்கள். பதில், 2017 ஆய்வில் பயாப்சியோடு சேர்த்து வெண்புள்ளி உள்ளவரின் தோலிலிருந்து உருவாக்கிய பி.ஐ.ஜி.3வி என்ற மெலனோசைட் செல்வரிசையையும் பார்த்தார்கள், உயிரோடு இருக்கும் அந்தச் செல்களிலும் மிர்-211 வெகுவாகக் குறைந்திருந்தது, மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசமும் கெட்டிருந்தது. அதனால் செல் இல்லாததால் மட்டும் குறைந்தது என்று சொல்ல முடியாது. நோயைத் தொடங்கி வைப்பது அதுதான் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லேப் வசதி குறைவு என்று கணினியிலேயே புராஜெக்ட் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த மிர் எந்த ஜீனை அடக்கும் என்று சொல்கிற டார்கெட்ஸ்கேன் இணையக் கருவி தருவது கணிப்பு மட்டுமே. மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 நியூக்ளியோடைடு நீளம், அதில் 2 முதல் 8 வரையுள்ள விதைப்பகுதி பொருந்துகிறதா என்றுதான் அது முதலில் பார்க்கிறது. லூசிஃபெரேஸ் சோதனையில் (இலக்கு வரிசையை ஒளி தரும் என்சைமின் ஜீனோடு இணைத்து, மிர் சேர்த்தால் ஒளி குறைகிறதா என்று பார்ப்பது), இலக்கில் விதைப்பகுதி பொருந்தும் இடத்தை மாற்றி வைத்தால் விளைவு மறைகிறது என்று காட்டினால்தான் நேரடி இலக்கு என்று எழுதலாம்.

நம் மாவட்டத்துக்காரர்களிடம் ரப்பர் பற்றியும் கேட்கலாம். ரப்பர் செருப்பின் வார் படுகிற இடத்தில், புறங்காலில் அதே வடிவத்தில் தோல் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ரசாயனத்தால் வரும் நிறமிழப்பு. ரப்பர் பொருள் தயாரிக்கும்போது சேர்க்கிற மோனோபென்சோன் போன்ற பீனால் சேர்மங்கள்தான் இதில் பேர்போனவை, குலசேகரம் பக்கம் மரத்திலிருந்து வடிகிற பாலில் அவை இல்லை. மெலனோசைட்டின் டைரோசினேஸ் என்சைமே அந்தச் சேர்மத்தை நச்சாக மாற்றுகிறது என்று சொன்னால் உங்கள் படத்தோடு நேராக இணைந்துவிடும். வெண்புள்ளி தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கல்யாணப் பேச்சு நின்றுபோன பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

நெட் தேர்வுக்கு இதை நோயாகப் படிக்க வேண்டாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வெட்டி உருவாக்கி வேலை செய்ய வைக்கிற டிரோஷா, டைசர், ஆர்கோநாட் வரிசை, செல் சமிக்ஞை, நோய் எதிர்ப்பு, இந்த மூன்றும் ஒரே தாளில் திருப்புதல் ஆகிவிடும். சி பகுதியில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், பெரும்பாலும் சோதனை முடிவைக் கொடுத்து யோசிக்கச் சொல்வார்கள், மேலே சொன்ன மிர்-211 மாதிரி. முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வான லின்-4 கண்டுபிடிப்பு 1993, அம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் நோபல் 2024, இதையும் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை பற்றிக் கேட்டால் மிகைப்படுத்த வேண்டாம். 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்சோலிட்டினிப் கிரீம் ஜேக் என்சைமைத் தடுக்கிறது, அதாவது இன்டர்ஃபெரான் பாதையை அடைக்கிறது, அது ஆர்.என்.ஏ. மருந்து இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்து மருந்து செய்வதென்றால் தோலின் மேலடுக்கைத் தாண்டி மெலனோசைட் வரை அதைக் கொண்டுபோக வேண்டும், ஒரே மிர் பல ஜீன்களைத் தொடுவதால் பக்கவிளைவையும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் சொல்லி நிறுத்துங்கள், அடுத்த கேள்வி வரட்டும்.