ரத்தம் கம்மின்னு சொல்லி அனுப்பிடாதீங்க

மலேசியாவுல எங்க ஊரு பக்கம் சுங்கை சிப்புட்னு சொன்னா எங்க பெரியவங்களுக்கு அரசியல் தலைவர் துன் சம்பந்தன் ஞாபகம் வரும், இல்லன்னா 1948 ஜூன்ல தோட்டத்து தொரைமாருங்க மூணு பேரைச் சுட்டதும் அதுக்கப்புறம் கம்யூனிஸ்ட்டுங்களை அடக்க வந்த அவசரகாலமும் ஞாபகம் வரும். அந்த அவசரகாலத்துல வெள்ளைக்காரன் இறக்குன பட்டாளத்துல கூர்க்காக்காரங்க நெறய பேரு, குடும்பத்தோட வந்தவங்களும் உண்டு. எனக்கு அதெல்லாம் வெறும் சரித்திரப் பாடமாத்தான் இருந்துச்சு. அக்கா மகளுக்கு தாலசீமியான்னு, அதாவது அப்பா அம்மாகிட்டேருந்து வர்ற ரத்த நோய்னு தெரிஞ்சு அதைப் பத்தி ராத்திரி பகலா தேடிப் படிச்சப்பதான் டேவிட் வெதரால்ங்கற இங்கிலாந்து டாக்டர் பேரு கண்ணுல பட்டுச்சு, அந்த மனுஷனோட கதை தொடங்குறதே இந்தப் பட்டாளத்து ஆஸ்பத்திரியிலதான்.

லிவர்பூல்ல 1933ல பொறந்தவர். டாக்டருக்குப் படிச்சு முடிச்சப்புறம் கட்டாய ராணுவ சேவை, 1958 வாக்குல சிங்கப்பூருக்கு அனுப்பிட்டாங்க. அங்க ஒரு கூர்க்கா சிப்பாயோட சின்னப் பொண்ணு, ரத்தம் ஏத்தி ஏத்தித்தான் உசுரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க, காரணம் யாருக்கும் புரியல. அனீமியான்னு எழுதி வெச்சிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாம், இவரு போகல. சிங்கப்பூர் யூனிவர்சிட்டியில இருந்த ஃபிராங்க் வெல்லாவோட சேர்ந்து, கார் பேட்டரியும் ஃபில்டர் பேப்பரும் வெச்சு ஹீமோகுளோபினைப் பிரிச்சுப் பாத்து, தாலசீமியான்னு கண்டுபிடிச்சாரு. 1960ல அது கட்டுரையா வந்துச்சு. வாழ்நாள் பூரா அவரு செஞ்ச வேலைக்கு அந்தப் பிள்ளைதான் ஆரம்பம்.

அப்புறம் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்க ஜான் கிளெக் கூட சேர்ந்து 1965ல செஞ்சதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது. ரத்தத்துல ஆக்ஸிஜனைச் சுமக்குற ஹீமோகுளோபின்ல ஆல்ஃபாங்கற புரதச் சங்கிலி ரெண்டு, பீட்டா ரெண்டு, ரெண்டும் சமமா உருவாகணும். கதிரியக்கம் ஏத்துன அமினோ அமிலத்தை ரத்த செல்லுக்குக் கொடுத்து எது எவ்வளவு உருவாகுதுன்னு அளந்தாங்க. பீட்டா தாலசீமியாவுல பீட்டா குறைஞ்சு போகுது, ஜோடி கிடைக்காத ஆல்ஃபா செல்லுக்குள்ளேயே படிஞ்சு, ரத்த செல் உருவாகுற எலும்பு மஜ்ஜையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே செல்லைக் கெடுத்துடுது. மஜ்ஜை பத்தலன்னு பத்தலன்னு வேலை செஞ்சு எலும்பே பெருத்துப் போகுது, மண்ணீரல் வீங்குது. எங்க பிள்ளைக்கு வயிறு ஏன் அப்படி உப்புச்சுன்னு எனக்கு இதைப் படிச்சப்பதான் வெளங்குச்சு.

அவளுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துவோம். ஒவ்வொரு பையிலயும் 200 மில்லிகிராமுக்கு மேல இரும்புச்சத்து உள்ள போகுது, அதை வெளிய தள்ள உடம்புக்கு வழியே கிடையாது, இதயத்துலயும் ஈரல்லயும் போய் சேந்துடும். சின்ன வயசுல அதை எடுக்க டெஸ்ஃபெரால், வயித்துத் தோலுக்கடியில சின்ன ஊசி, தலகாணி பக்கத்துல பம்ப்பு, ராத்திரி பூரா சொட்டு சொட்டா ஏறும், அவ தூக்கத்துல புரண்டா அக்கா எழுந்து ட்யூபைச் சரிபண்ணும். இப்ப மாத்திரைக்கு மாறிட்டா, அந்தப் பம்ப்பு போனதே வீட்டுக்குத் தீபாவளி.

வெதரால் பின்னாடி ஆக்ஸ்ஃபோர்டுல 1989ல ஆராய்ச்சிக் கழகம் தொடங்குனாரு, இப்ப அது அவரு பேருலயே இருக்கு. 2010ல லாஸ்கர் விருது. ஆனா விருதைவிட எனக்குப் பிடிச்சது, வயசான பிறகும் இலங்கை குருநாகல்ல அந்த ஊரு டாக்டர்ங்களோட சேர்ந்து பாத்த வேலை. அங்க ஹீமோகுளோபின் ஈங்கற இன்னொரு மரபணுக் கோளாறும் பீட்டா தாலசீமியாவும் சேந்து இருக்கற பிள்ளைங்க நெறய. நோய் பேரு ஒண்ணுதான், ஆனா ஒரு பிள்ளைக்கு ரத்தம் இல்லாம முடியாது, இன்னொண்ணு ரத்தமே ஏத்தாம வளருது. அதனால எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு ரத்தம் ஏத்தாதீங்க, ஒவ்வொரு பிள்ளையையும் பாத்து முடிவெடுங்கன்னு அந்த ஆராய்ச்சி சொல்லுச்சு. 2018ல காலமானாரு.

நம்ம ஆளுங்க இது மலாய்க்காரங்களுக்கும் சீனவங்களுக்கும் வர்றதுன்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட அதிகம்தான், ஆனா நம்மகிட்டயும் இருக்கு, அதுலயும் மாமன் மகனைக் கட்டுற குடும்பத்துல, எங்க அக்கா கட்டுன மாதிரி, ரெண்டு பேருமே கேரியரா, அதாவது நோய் இல்லாம அந்த மரபணுவை மட்டும் சுமக்கிறவங்களா இருக்க வாய்ப்பு கூடுது. அப்படி இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் பிள்ளைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு கிளினிக்ல அக்காவுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லி வருஷக்கணக்கா இரும்பு மாத்திரைதான் கொடுத்தாங்க, உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டினும் பாக்கல, ஹீமோகுளோபின் டெஸ்ட்டும் எடுக்கல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. உங்க ரத்த ரிப்போர்ட்டுல எம்சிஹெச் (ஒரு சிவப்பு செல்லுல சராசரியா இருக்கற ஹீமோகுளோபின் அளவு) 27க்குக் கீழ இருந்தா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட தாலசீமியாவான்னு நீங்களே கேளுங்க.

2016லேருந்து படிவம் நாலு பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சோதனை பண்றாங்க, கையெழுத்து போட மாட்டேன்னு பாரத்தைத் திருப்பி அனுப்பாதீங்க. தம்பி மகளுக்கு அதுலதான் கேரியர்னு வந்துச்சு. இதை வெளிய சொன்னா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்கன்னு தம்பி பொண்டாட்டி அழுதுச்சு. கேரியர்னா நோய் இல்லம்மா, அவளுக்கு ஒண்ணும் ஆகாது, வர்ற பையன் ரத்தத்தையும் பாத்தா போதும், இப்ப நீங்க ரெண்டு பேரும் மத்த பிள்ளைங்களும் எடுத்துப் பாருங்கன்னு உக்காந்து சொன்னேன். அடுத்த வாரமே தம்பி எல்லாரையும் வண்டியில ஏத்திக்கிட்டு கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போயிட்டான்.