காந்தத்தை நம்பிக் கெட்டேன்

வேலை சின்னதுதான். கோத்தகிரியில் அத்தை வீட்டுப் பழைய கணப்பு அடுப்பில் ஒரு கால் உடைந்திருந்தது. புகைக்குழாயும் மூட்டில் விட்டிருந்தது. இரண்டையும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து காந்தத்தை வைத்தேன். இரண்டிலும் ஒட்டியது. இரும்புதானே என்று சாதாரண எஃகுக்கு வழக்கமாகப் போடும் 6013 ராடால் (பற்றவைக்கும் கம்பி) காலைப் பற்றவைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பற்றவைத்த இடத்தை ஒட்டியே மயிரிழை விரிசல்.

காலின் உடைந்த முகத்தையாவது முதலில் பார்த்திருக்கலாம். சாம்பல் நிறம், மணல் மணலாக. கிரைண்டரில் தொட்டால் குட்டையான, மங்கிய சிவப்புப் பொறிகள். பக்கத்தில் ஒரு சாதாரண எஃகு ஆங்கிள் துண்டைத் தொட்டதும் வெளிர்மஞ்சள் கோடுகள் நீளமாகப் பறந்தன. அடுப்புக்கால் வார்ப்பிரும்பு! பொறியை மட்டும் தனியாகப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். இன்னதென்று தெரிந்த துண்டு ஒன்று கையில் இருந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

வார்ப்பிரும்புக்கான நிக்கல் ராடு தேடி மேட்டுப்பாளையம் இறங்கினேன். "இதுவும் வார்ப்புக்குப் போடலாம் சார்" என்று கடைக்காரர் சில்லறையாக நான்கைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். வீட்டில் பிரித்து, ராடின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு நாள் வீண். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் வீண்.

அந்த எரிச்சலில் புகைக்குழாயை எடுத்ததுதான் பெரிய பிழை. ஜூலை மாதம், கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூடிவிட்டேன். பற்றவைக்கத் தொடங்கியதும் வெள்ளைப் புகை, பஞ்சுபோல மிதக்கும் தூசி. சூட்டில் மஞ்சளாகத் தெரிந்த படிவு ஆறியதும் வெளுத்தது. வாயில் இனிப்பும் உலோகமும் கலந்த ஒரு சுவை. அப்போதாவது நிறுத்தினேனா? முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இரவு நடுக்கம். மலைக்குளிர் என்று இரண்டு கம்பளி போர்த்தினேன். காய்ச்சல் ஏறியது. மருந்தகத்தில் சளிக்கு மாத்திரை கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தேன் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் மாலை தானாக இறங்கியது.

தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த பக்கத்துவீட்டுப் பெரியவர்தான் குழாயில் வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். அடியில் ஜி.ஐ. பூச்சு, அதாவது துத்தநாகம். காந்தம் உள்ளிருக்கும் இரும்பைப் பிடிக்கும், மேலிருக்கும் துத்தநாகத்தைச் சொல்லாது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 வேண்டும். பிறகு புகை வராமல் என்ன செய்யும்? என் காய்ச்சலும் அந்தப் புகையால்தான். "பால் குடித்திருக்க வேண்டும் தம்பி" என்றார். பால் நுரையீரலுக்கா போகிறது? பூச்சை மூட்டின் இருபுறமும் உள்ளும் புறமும் அகற்றி, வெளியில், காற்று முகத்திலிருந்து புகையை விலக்கும்படி நின்று, துத்தநாகப் புகைக்குரிய சுவாசக் கவசத்தோடு செய்ய வேண்டியது அது. பழைய போல்ட்டுகளில் பொன்மஞ்சள் பூச்சு இருந்தால் நான் இப்போது சூடே காட்டுவதில்லை. அது காட்மியம் என்ற நச்சு உலோகமாக இருந்தால் காய்ச்சலோடு போகாது, ஆளையே கொல்லும்.

இரண்டாம் பயணத்தில் கடையிலேயே எண்ணைப் படித்து வாங்கினேன். பழைய தையலைச் செதுக்கி எடுத்து, காலைச் சூடேற்றி, ஓர் அங்குலம் வைப்பது, சுத்தியால் மெல்லத் தட்டுவது, மறுபடி ஓர் அங்குலம். முடிந்ததும் அடுப்புச் சாம்பலில் புதைத்துவிட்டுப் படுத்தேன். சத்தம் எதுவும் இல்லை. கால்தான் சற்றுக் குட்டையாகிவிட்டது. அத்தை ஒரு ஓட்டுத் துண்டை அண்டக் கொடுத்திருக்கிறார்.