சங்கீத ஆசிரியப் பயிலுநர்களுடன் ஒரு தவணை: நாட்குறிப்பு

பெப்ரவரி 10

எமது கல்லூரியின் சங்கீதப் பயிலுநர்கள் இன்று யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் கற்பித்தற் பயிற்சியைத் தொடங்கினர். இவர்களில் பலர் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் தேறி வந்தவர்கள். வர்ணம் என்னும் கடினமான உருப்படியை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பிசகின்றிப் பாடுவார்கள். ஆனால் குருவின் முன் அமர்ந்து கற்ற இவர்கள், 40 நிமிடப் பாடவேளைக்குள் ஒரு வகுப்பு முழுவதையும் பாடவைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டியது வேறொரு வித்தை.

பெப்ரவரி 13

கலவன் பாடசாலையொன்றில் தரம் 8. பயிலுநர், ஆதார சுருதியை ஒலிக்கும் சுருதிப்பெட்டியைத் தமக்கு வாகான ஐந்து கட்டை என்னும் உயரத்தில் வைத்து, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைப் பாடிக்காட்டினார். மாணவிகள் தொடர்ந்து பாடினார்கள். கடைசி வாங்கில் இருந்த மாணவர்களில் ஒருவன் ஐந்தாம் சுரமான பஞ்சமம் (ப) வரை வந்து நின்றுவிட்டான். இன்னொருவன் கீழ் ஸ்தாயிக்கு, அதாவது கீழேயுள்ள ஏழு சுர அடுக்குக்கு, இறங்கி, அங்கும் முதற்சுரமான ஷட்ஜம் (ஸ) பிடிபடாமல் தலையைக் குனிந்துகொண்டான். பாடம் முடிந்ததும் பயிலுநர் தமது குறிப்பில், "பின்வரிசை மாணவர்களுக்கு ஈடுபாடு குறைவு" என்று எழுதினார்.

ஈடுபாட்டில் குறைவில்லை, அவர்களுக்குக் குரல் உடைகிற வயது. குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால், ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இறங்கி நிலைகொள்ளும் வரை ஐந்தாறு சுரங்களே சிலருக்கு வசப்படும். கர்நாடக இசையின் முன்னோடியான புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசையோ முதற்பாடத்திலேயே முழு ஸ்தாயியையும் கேட்கிறது. குருகுலத்தில் இது சிக்கலாகவில்லை, ஏனெனில் சீடனின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்ள முடிந்தது. வகுப்பில் ஒரே சுருதி எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.

இந்த வயதில் "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று ஆசிரியர் சொல்லக் கேட்ட பிள்ளை, தரம் 10இல் சங்கீதம் விருப்பத்துக்குரிய பாடமாகும்போது அதன் பக்கமே வருவதில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் சங்கீதம் எடுக்கும் ஆண்பிள்ளைகள் ஏன் குறைவு என்று கேட்பவர்கள், தரம் 8 வகுப்பில் ஒரு பாடவேளை இருந்து பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 20

கல்லூரியில் இன்று சுருதியைப் பற்றி மட்டுமே பேசினோம். மூன்று கட்டைக்கு இறக்கி, ஸ முதல் ப வரையான சுரங்களுக்குள் பயிற்சிகளை அமைத்தால், மாணவிகளும் குரல் உடையாத மாணவர்களும் மேலேயும், குரல் உடைந்தவர்கள் ஒரு ஸ்தாயி கீழேயும், எவரையும் வருத்தாமல் சேர்ந்து பாடலாம். இதைப் பயிலுநர்கள் தாமே இரு அணிகளாகப் பிரிந்து பாடிப் பார்த்தார்கள்.

சைவப் பாடசாலை ஒன்றுக்குச் செல்லும் பயிலுநர் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் பாடும் தேவாரம் இன்று கம்பீரநாட்டை ராகத்தில் பாடப்படும் நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. அவர் அதில் ஒரு வரியைப் பாடவைத்து, ஒரு சொல்லில் நிறுத்தி, அந்த ஒலி சுருதிப்பெட்டியின் ஸவோடு சேர்கிறதா, பவோடு சேர்கிறதா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் தமக்குள் முணுமுணுத்துப் பார்த்து, ஸ, க, ம, ப, நி என்னும் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். காதில் ஏற்கெனவே குடியிருக்கும் இசையிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம். கத்தோலிக்கப் பாடசாலையில் திருப்பலிப் பாடல் அந்த இடத்தை வகிக்கலாம்.

பெப்ரவரி 24

மீண்டும் அதே தரம் 8. இம்முறை சுருதி மூன்று கட்டையில் இருந்தது. பயிலுநர் ஒரு வரியைத் தொடக்கிக் கொடுத்துவிட்டுத் தாம் பாடுவதை நிறுத்தி, வரிசைகளுக்கிடையே நடந்தபடி கேட்டார். ஆசிரியரின் கணீரென்ற குரல் மேலோங்கியிருக்கும்வரை யாருடைய சுருதி இறங்குகிறது என்பது அவருக்கே கேட்பதில்லை. நல்ல பாடகர்களுக்கு இந்த நிறுத்தம்தான் கடினம். கடைசி வாங்கு முழுவதும் பாடியது. ஒருவன் இன்னமும் தடுமாறினான். அவனிடம் தாளத்தை ஒப்படைத்து, இரண்டு சுரங்களை மட்டும் பாடவைத்தார்.

நாம் பயன்படுத்தும் பாடக்குறிப்புப் படிவத்தில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. சுருதிக்கும் குரல் வீச்சுக்கும் இடமில்லை. அவ்விரண்டையும் சேர்க்குமாறு துறைக் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன். அதுவரை பயிலுநர்கள் அவற்றை ஓரத்தில் எழுதிவர வேண்டும்.